வீட்டு முகவரி வெளியே தெரியக் கூடாதவர்களுக்கு: வேலூரிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை என்று ஒரு படிவம் இருக்கிறது. கோர்ட் பக்கம் எல்லாரும் டிஐஆர் என்பார்கள். அதில் அடுத்தடுத்து இரண்டு கேள்விகள் வரும்: சேர்ந்து வாழ்ந்த வீட்டின் முகவரி, தற்போதைய முகவரி. நான் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் சட்டத் தன்னார்வலராக உட்கார ஆரம்பித்த புதிதில், ஒரு பெண் இரண்டாவது கேள்விக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, இதையும் எழுதணுமா?" என்று கேட்டாள். "ஃபார்ம்ல கேட்டிருக்கே, எழுதிடும்மா" என்றேன். எழுதினாள். மனுவோடு சேர்ந்து அந்த அறிக்கையின் நகலும் எதிர்மனுதாரருக்கு, அதாவது அவள் யாருக்குப் பயந்து ஓடி வந்தாளோ அவனுக்கே, போய்ச் சேர்ந்தது. குடியாத்தம் பக்கம் இருந்த அவளுடைய சித்தி வீட்டு வாசலில் ஒரு நாள் காலையில் அவன் வந்து நின்றான்.

தப்பு என்னுடையது. அந்த இடத்தில் என்ன எழுதச் சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 1991லேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆபத்தில் இருப்பவருக்கு அரசே ஒரு மாற்று முகவரி கொடுக்கும். அரசு அலுவலகங்களில் அந்த முகவரியைக் காட்டிக்கொள்ளலாம். அங்கே வரும் தபாலை அரசே உண்மையான வீட்டுக்கு அனுப்பி வைக்கும். பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. நம் நாட்டில் அப்படி ஒரே சட்டம் கிடையாது. ஆனால் துண்டு துண்டாகப் பல சட்டங்களில் பாதுகாப்பு இருக்கிறது. அதில் பெரும்பாலானவை, நீங்கள் எழுதிக் கேட்டால்தான் உயிர்பெறும். கேட்காவிட்டால், உங்கள் முகவரியை வெளியிடுவதுதான் அலுவலகங்களின் வழக்கமான நடைமுறை.

படி 1: முதலில் போன்

சட்டத்துக்கு முன்னால் இதுதான். நான் பார்த்தவரை, முகவரி கோர்ட் வழியாகக் கசிந்ததைவிட எஸ்எம்எஸ் வழியாகக் கசிந்ததுதான் அதிகம்.

ரேஷன் கடையில் பொருள் வாங்கியதும் குடும்ப அட்டையில் பதிந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகும். அந்த எண் யாருடையது? கேஸ் புக்கிங் செய்தி யாருக்குப் போகிறது? வண்டியில் ஃபாஸ்டேக் இருந்தால், பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டிய அடுத்த நிமிடம் பணம் கழிந்த செய்தி போகும், எந்த டோல்கேட் என்ற பெயரோடு. சேர்ந்து வைத்திருந்த வங்கிக் கணக்கில் பணம் எடுத்தால் பாஸ்புக்கில் ஏடிஎம் இருக்கும் இடமும் அச்சாகி வர வாய்ப்புண்டு. ஒரு பெண் மூன்று மாதம் யார் கண்ணிலும் படாமல் காட்பாடி காந்தி நகரில் இருந்தாள். கடைசியில் காட்டிக்கொடுத்தது சாப்பாட்டு ஆப். கணவனும் அவளும் ஒரே கணக்கைத்தான் வைத்திருந்தார்கள். இவள் சேர்த்த புது டெலிவரி முகவரி அவன் போனிலும் தெரிந்தது.

ஆகவே கிளம்புவதற்கு முன்போ, கிளம்பிய அன்றைக்கோ: புது சிம், உங்கள் பெயரில். கூகுள் கணக்கில் கடவுச்சொல்லை மாற்றி, வேறு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்று பார்த்து எல்லாவற்றிலிருந்தும் வெளியேறுங்கள். மேப்ஸில் இருப்பிடப் பகிர்வை நிறுத்துங்கள். பழைய போனையே அவர் வாங்கிக் கொடுத்தார் என்றால், அதை முழுக்க அழித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், முடிந்தால் விட்டுவிடுங்கள். பிள்ளையின் டேப்லெட்டை மறந்துவிடாதீர்கள். நிறைய பேர் அதைத்தான் மறக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. மிரட்டல் செய்திகள், குரல் பதிவுகள் எல்லாம் சாட்சியம். போனை அழிக்கும் முன் அவற்றை எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

படி 2: எங்கே தங்குவது

181 பெண்கள் உதவி எண், 24 மணி நேரமும். உடனடி ஆபத்து என்றால் 112. சமூக நலத்துறையின் ஒருங்கிணைந்த சேவை மையம் அவசரத்துக்குச் சில நாள் தங்க வைக்கும், மருத்துவமும் சட்ட உதவியும் ஏற்பாடு செய்யும். நீண்ட நாள் என்றால் காப்பகம். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது நினைவிருக்கட்டும். ஆம்பூர்க்காரர் வேலூர் சமூக நல அலுவலகத்துக்கு வந்து, "உங்களுக்கு திருப்பத்தூர்" என்று திருப்பி அனுப்பப்படுவது இன்னும் நடக்கிறது. அவசர நிலையில் அப்படி யாராவது சொன்னால் 181ஐ அழைத்து, அவர்களையே பேசச் சொல்லுங்கள்.

குடும்ப வன்முறைப் பாதுகாப்பு விதிகள் 2006இல் 16வது விதி ரொம்ப முக்கியம். பாதிக்கப்பட்ட பெண் விரும்பினால், அவள் அங்கே இருக்கிறாள் என்பதைக் காப்பகம் யாருக்கும் வெளிப்படுத்தக் கூடாது, எதிர்த்தரப்புக்கும் தெரிவிக்கக் கூடாது. டிஐஆர் போடாமல் வந்தாள் என்பதற்காகக் காப்பகம் இடம் மறுக்கவும் கூடாது. கவனியுங்கள், 'விரும்பினால்'. சேரும்போதே ஒரு வெள்ளைத்தாளில் "நான் இங்கு இருப்பதை யாருக்கும் தெரிவிக்க வேண்டாம்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுங்கள். "அப்பா வந்திருக்கார், நல்லவராத்தான் தெரியறார்" என்று வாசலில் இளகிப்போகும் ஊழியர்கள் உண்டு. எழுத்தில் இருந்தால் இளக மாட்டார்கள்.

வேலூருக்கு ஒரு வசதி உண்டு. சிஎம்சிக்கு வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, காந்தி ரோடு, தோட்டப்பாளையம் பக்கம் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் ஏராளம். முகம் தெரியாத ஒருத்தி புதிதாகக் குடிவந்தால் யாரும் 'எந்த ஊரும்மா' என்று துருவ மாட்டார்கள். ஆனால் லாட்ஜில் ஆதார் நகல் வாங்குவார்கள், பதிவேட்டில் எழுதுவார்கள். பயன் எவ்வளவோ அவ்வளவு ஆபத்தும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: 'காணவில்லை' புகாரை முறியடிப்பது

நீங்கள் வீட்டை விட்டு வந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: அங்கே ஸ்டேஷனில் 'பெண் காணவில்லை' என்று புகார். போலீஸ் தேட ஆரம்பித்துவிடும். தேடுவது அவர்கள் கடமை, குறை சொல்ல முடியாது. ஆனால் கண்டுபிடித்து வீட்டாரிடம் 'ஒப்படைப்பது' 18 வயது நிறைந்தவர் விஷயத்தில் கடமையே இல்லை.

புகார் வரும் என்று தோன்றினால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். "நான் வயது வந்தவர், என் விருப்பப்படி வெளியேறினேன், இன்ன காரணத்தால் உயிருக்கு ஆபத்து, என் இருப்பிடத்தை யாருக்கும் தெரிவிக்க வேண்டாம்" என்று அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒரு வழக்கறிஞர் மூலம் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அனுப்புநர் முகவரியில் வழக்கறிஞர் அலுவலகம். நீங்களே தபாலாபீஸ் போய் அனுப்பினால் அந்த அஞ்சலகத்தின் முத்திரை ஊரைச் சொல்லிவிடும். வாக்குமூலம் கேட்டால், வேறொரு மகளிர் காவல் நிலையத்திலோ மாஜிஸ்திரேட் முன்போ கொடுக்கலாம். வாக்குமூலத்திலேயே 'முகவரியை வெளியிட விருப்பமில்லை' என்ற வரி இருக்கட்டும், புகார் முடிக்கப்பட்டதற்கான நகலும் கேட்டு வாங்குங்கள். ஒரே பாலின இணையர் தொடர்பான சுஷ்மா வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், இருவரும் வயது வந்தவர்கள், சம்மதத்தோடு இருக்கிறார்கள் என்று வாக்குமூலத்தில் தெரிந்தால் போலீஸ் தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

படி 4: எந்தக் கோர்ட்டில், எப்படி எழுதுவது

இந்தப் படியில்தான் நான் பார்த்த பாதித் தவறுகள்.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005இன் 27வது பிரிவு, நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் வழக்குப் போடலாம் என்கிறது. பெரிய வசதிதான், பேருந்துச் செலவு மிச்சம். ஆனால் காட்பாடியில் ஒளிந்திருக்கும் ஒருத்தி காட்பாடியில் வழக்குப் போட்டால், சம்மனைப் பார்த்த உடனே அவனுக்கு ஊர் தெரிந்துவிடும். அதே பிரிவு எதிர்மனுதாரர் இருக்கும் ஊரிலும், வன்முறை நடந்த ஊரிலும் போட அனுமதிக்கிறது. கணவன் வீடு அரக்கோணத்தில் என்றால் அரக்கோணம் பக்கமே போட்டுவிட்டு, வேலூரைக் காகிதத்தில் வரவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். அலைச்சல் அதிகம்தான். காணொலி மூலம் ஆஜராக அனுமதி கேட்டு மனுப் போடுங்கள். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரைத் தட்டினால் வழக்கு எங்கே, அடுத்த வாய்தா எப்போது என்று வந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

மனுவிலும் டிஐஆரிலும் 'தற்போதைய முகவரி' என்ற இடத்தில்: "பாதுகாப்பு கருதி தனியே மூடிய உறையில் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படுகிறது. நோட்டீஸ்களுக்கான முகவரி: மேற்படி மனுதாரரின் வழக்கறிஞர் அலுவலகம்." அதோடு ஒரு பக்கத்தில் தனி மனு, ஏன் மறைக்கிறீர்கள் என்ற காரணத்தோடு. 28வது பிரிவின்படி இந்த வழக்குகளில் தனக்கான நடைமுறையை மாஜிஸ்திரேட்டே வகுத்துக்கொள்ளலாம். எல்லா நீதிபதிகளும் உடனே ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்காமல் கிடைத்ததாக நான் ஒரு வழக்கும் பார்த்ததில்லை. வழக்கறிஞர் வைக்கப் பணமில்லையா? பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள்.

அடுத்தது ஜீவனாம்சம். 2020 நவம்பரில் ராஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம் பற்றி விரிவான உறுதிமொழி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு, வருமானத்தை மறைக்கும் கணவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் அந்தப் படிவம் இப்போது வசிக்கும் இடத்தையும் கேட்கும், வேலையையும் கேட்கும், மாதச் செலவையும் கேட்கும். வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் ஸ்கூல் பீஸ் ரசீது, சம்பளச் சீட்டு என்று ஆதாரங்களை இணைத்தால், முகவரியை நீங்களே தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. எதிர்த்தரப்புக்குப் போகும் நகலில் முகவரியையும் பள்ளிப் பெயரையும் கறுப்பு மையால் மறைக்க அனுமதி கேளுங்கள், மூலம் மட்டும் கோர்ட்டில் இருக்கட்டும். கறுப்பு மை என்றால் முன்பக்கம் மட்டும் பூசினால் போதாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் படிக்க முடியும். மறைத்த தாளை இன்னொரு முறை ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலைக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடை என்றதும் ஞாபகம் வருகிறது: வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரிண்ட் எடுத்தால் கோப்பு அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் அப்படியே கிடக்கும். நின்று அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பாதுகாப்பு உத்தரவு கேட்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18வது பிரிவின்படி, உங்கள் வேலையிடத்துக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் நீங்கள் வழக்கமாகப் போகும் இடங்களுக்கும் அவர் வரக் கூடாது, எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை போடலாம். ஆர்வத்தில் வக்கீல் "சத்துவாச்சாரி இன்ன தெரு, இன்ன கதவு எண்ணுக்குள் நுழையக் கூடாது" என்று எழுதிவிடுவார். உத்தரவின் நகல் இலவசமாக இரு தரப்புக்கும் தரப்படும். அவனுக்குத் தெரியாத இடத்தை நாமே தெரியப்படுத்தியது போல ஆகிவிடும். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த இடங்களை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மற்றதற்கு "மனுதாரர் எங்கிருந்தாலும் அவரிடமிருந்து இத்தனை மீட்டருக்குள் வரக் கூடாது" என்று கேளுங்கள்.

மூடிய அறையில் விசாரணை வேண்டும் என்று அதே சட்டத்தின் 16வது பிரிவின் கீழ் நீங்கள் கேட்கலாம். விவாகரத்து வழக்குகளில் இந்து திருமணச் சட்டத்தின் 22வது பிரிவே அதைச் சொல்கிறது.

வாய்தா அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியை யோசித்து வையுங்கள். கோர்ட் வாசலிலிருந்து நேராக வீட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறாதீர்கள். புது பஸ் ஸ்டாண்டு போய், கூட்டத்தில் இறங்கி, வேறு பஸ். பயமாக இருந்தால் நீதிபதியிடமே சொல்லுங்கள், எதிர்மனுதாரரை அரை மணி நேரம் நிறுத்தி வைத்து உங்களை முதலில் அனுப்பும் வழக்கம் உண்டு. பிள்ளையைப் பார்க்க அப்பாவுக்கு அனுமதி இருந்தால், ஒப்படைக்கும் இடம் கோர்ட் வளாகமாக இருக்கட்டும், உங்கள் தெருமுனையாக இருக்க வேண்டாம்.

படி 5: தபால்

அஞ்சல் துறையின் தபால் பெட்டி எண் வசதி பலருக்குத் தெரியாது. பெரிய அஞ்சலகத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் ஒரு பெட்டி எண் தருவார்கள், கடிதங்களை நீங்களே போய் எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் வீட்டு முகவரி கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அது அஞ்சலகத்தோடு நிற்கும். வசிக்கும் பேட்டையின் சின்ன அஞ்சலகத்தை விட ஊர் நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

தகவல் உரிமை மனுப் போடுகிறவர்களுக்கு இது மிகவும் உதவும். மணல் அள்ளுவது பற்றியோ தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றியோ கேட்டால் மனுதாரர் வீட்டுக்கு ஆள் வருவது பாலாற்றங்கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. தகவல் உரிமைச் சட்டத்தின் 6வது பிரிவே தொடர்புக்குத் தேவையானது தவிர வேறு சொந்த விவரம் கேட்கக் கூடாது என்கிறது. 2013 நவம்பரில் அவிஷேக் கோயங்கா வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம், தபால் பெட்டி எண் கொடுத்தால் முழு முகவரி கேட்டு வற்புறுத்த வேண்டாம் என்றது.

தலைகீழாகவும் நடக்கும். உங்கள் முகவரியையே யாராவது தகவல் உரிமையில் கேட்கலாம். ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து தரும் தகவலை 8வது பிரிவு விலக்குகிறது. உங்களைப் பற்றிய தகவலைக் கொடுக்கப்போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல 10 நாள்தான். தள்ளிப்போடாதீர்கள்.

படி 6: ஆதார், வாக்காளர் பட்டியல், பள்ளி

ஆதாரில் முதலில் மாற்ற வேண்டியது போன் எண். முகவரி பிறகு. பழைய எண் அவர் கையில் இருக்கும்போது நீங்கள் முகவரியை மாற்றினால், அவர் ஓடிபி வாங்கிப் புது ஆதாரைத் தரவிறக்கிக்கொள்வார், புது முகவரியோடு. பழைய முகவரி இருந்தாலும் அட்டை செல்லும், அவசரமில்லை. எண்கள் மறைந்த ஆதார் நகல் கொடுத்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதில் மறைவது 12 இலக்கங்களில் 8 மட்டும்தான். முகவரி அப்படியே பளிச்சென்று இருக்கும்.

வாக்காளர் பட்டியல் பொது ஆவணம். பெயரைத் தேடினால் பாகம் எண் வரும், அந்தப் பாகத்தின் பட்டியலில் வீட்டு எண்ணும் உறவினர் பெயரும் இருக்கும். இங்கிலாந்தில் ஆபத்தில் உள்ளவர் பெயரில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம். நம்மிடம் பொதுமக்களுக்கு அந்த வசதி இல்லை. புது வீட்டுக்கு மாற்றும் 8ஆம் எண் படிவத்தை எப்போது கொடுப்பது என்பது ஓட்டுக்கும் பாதுகாப்புக்கும் இடையே நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. மாற்றாமல் விட்டால் திருத்தத்தின்போது பெயர் நீங்கிப்போகலாம். பிறகு 6ஆம் எண் படிவத்தில் புதிதாகச் சேரலாம்.

பள்ளி. டிசி வாங்கப் பழைய பள்ளிக்குப் போனால், எந்தப் பள்ளிக்கு என்று கேட்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5வது பிரிவுப்படி, 8ஆம் வகுப்பு வரை டிசி வரத் தாமதம் என்பதற்காகப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. முதலில் சேர்த்துவிடுங்கள். தலைமையாசிரியரைத் தனியே பார்த்து, பாதுகாப்பு உத்தரவின் நகலைக் கொடுத்து, யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்ற பட்டியலையும் எழுதிக் கொடுங்கள். ஆண்டு விழாப் போட்டோ பள்ளியின் முகநூல் பக்கத்தில் போடப்படும். அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

படி 7: காதல் திருமணம் செய்துகொண்டவர்கள்

சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், முகவரியோடு. ஒருவரின் நிரந்தர ஊர் வேறு மாவட்டம் என்றால் அந்த மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும், அதாவது பெற்றோர் ஊருக்கு. இருவரும் இந்துக்கள் என்றால் நமக்கு வேறு வழி உண்டு. சுயமரியாதைத் திருமணத்துக்காக இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் கொண்டுவந்த 7ஏ பிரிவுப்படி அறிவிப்பு தேவையில்லை. அந்தத் திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்ட்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மதம் வேறு என்றால் சிறப்புத் திருமணச் சட்டம்தான், அந்த 30 நாளும் எங்கே இருப்பது என்று முன்பே ஏற்பாடு செய்துவிட்டு நோட்டீஸ் கொடுங்கள்.

ஆணவக் கொலை மிரட்டல் இருந்தால்: 2016இல் திலீப்குமார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கச் சொன்னது. 2018இல் சக்தி வாஹினி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பு இல்லம் ஒரு மாதத்துக்கு, பிறகு மாதம் மாதமாக ஒரு வருடம் வரை நீட்டிக்கலாம் என்று வழிகாட்டியது. மனுவில் இந்த இரண்டு தீர்ப்புகளின் பெயரையும் எழுதி எஸ்.பி. அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஒப்புகை வாங்குங்கள்.

படி 8: சாட்சியும் பாதிக்கப்பட்டவரும்

குற்ற வழக்கில் சாட்சி சொல்லப் பயமா? 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஆண், பெண் எல்லாருக்கும். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு. டிஎஸ்பி நிலை அதிகாரி மிரட்டல் பற்றி 5 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். தற்காலிகமாக வேறு ஊரில் தங்க வைப்பது, பெயருக்குப் பதில் ஓர் எழுத்தால் குறிப்பிடுவது, போன் எண் மாற்றுவது வரை கேட்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துப் புதுப்பிப்பார்கள்.

பாலியல் குற்ற வழக்கு என்றால் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்: பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த சட்டம்) 72வது பிரிவு, 2 ஆண்டு வரை சிறை. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ 23வது பிரிவு, பெயர் மட்டுமல்ல, முகவரி, பள்ளி, அக்கம்பக்கம் எதையும் ஊடகம் சொல்லக் கூடாது என்கிறது. 'பேரணாம்பட்டு அருகே ஒரு கிராமத்தில்' என்று போட்டுவிட்டுத் தந்தையின் தொழிலையும் எழுதும் செய்தி இந்தச் சட்டத்தை மீறுகிறது. புகார் கொடுங்கள்.

படி 9: கசிந்துவிட்டால்

அன்றைக்கே இடம் மாறுங்கள், விவாதம் பிறகு. 112. பாதுகாப்பு உத்தரவு இருந்தால் அதை மீறுவது குடும்ப வன்முறைச் சட்டத்தின் 31வது பிரிவில் குற்றம், ஓராண்டு வரை சிறை. உத்தரவின் நகல் வழக்குப் போட்ட ஊர் ஸ்டேஷனுக்குத்தான் போயிருக்கும், நீங்கள் இருக்கும் ஊர் ஸ்டேஷனில் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆகவே ஒரு நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள். புகார் கொடுத்ததும் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் பெற்றதற்கான ஒப்புகை, கேளுங்கள். ரசீதில் முகவரி எழுதும் இடம் வரும்போது, எழுதுகிற ஏட்டய்யாவின் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.